வடக்கே பார்த்துக் கூப்பிட்ட பெயர்

தம்பி,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடம் கொஞ்சம் நீட்டிப் பேசினால் "அப்பா, மீட்டிங்" என்று வந்துவிடுகிறது. அதுவும் இல்லாமல் போனில் என்றால் நடுநடுவே நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். இதில் நீ குறுக்கே பேச முடியாது. காலையில் திண்டிவனத்திலிருந்து கிளம்பும் முதல் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். டிரைவர், நான் கண்டக்டராக இருந்தபோது என்னோடு விழுப்புரம் ரூட்டில் ஓடியவர்தான், கிளாம்பாக்கத்தில் போய் வாங்கிக்கொள். முழுசாகப் படித்துவிட்டு தர்ஷினியிடம் பேசு. அதற்கு முன்னால் பேசாதே.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவும் சித்தப்பாவும் கை நனைக்க வந்தார்கள். லீவு கிடைக்காமல் நீ வரவில்லை. ஒருவிதத்தில் நல்லதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. கல்யாணம் பேசி முடித்த பிறகுதான் ஒரு வீட்டில் இன்னொரு வீடு சோற்றில் கை வைக்கும் என்பது உனக்குத் தெரியும். வைத்த கையைப் பாதியில் எடுத்துக்கொண்டு எழுந்தால் சம்பந்தம் அதோடு முடிந்தது. நம் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். எல்லாம் நன்றாக முடிந்தது என்று உன் அம்மா போனில் சொன்னாளே, அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது மாடியில் வைத்து நீ அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள், யாழ்ப்பாணத்துப் பக்கத்துக் குடும்பம் என்றாய். நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். பிடிக்காமல் இல்லை. உன் பெரியப்பாவைப் பற்றி உங்களுக்குச் சொல்லி வளர்த்ததை உன்னிடம் எப்படி மாற்றிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னேன். உன் பெரியப்பா காஷ்மீரில் பனியில் சாகவில்லை, இலங்கைக்கு அனுப்பிய படையில் போய் அங்கே செத்தார் என்று. நீ அதிர்ச்சியடையவில்லை. போனை எடுத்து என்னமோ தேடினாய். கொஞ்ச நேரம் படித்துவிட்டு, "இத இப்ப யாருக்குப்பா சொல்லணும்?" என்று கேட்டாய். சரியான கேள்விதான். முப்பது வருஷத்துக்கு மேலாக நம் வீட்டில் எல்லாரும் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தோம்.

அந்தக் காலம் உனக்குத் தெரியாது. நான் அப்போது கல்லூரியில் படித்தேன். இலங்கையில் நம் ஜனங்களை அடிக்கிறார்கள் என்று பையன்கள் எல்லாரும் சேர்ந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உண்டியல் குலுக்குவோம். ஒருமுறை அண்ணன் லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறார், நான் உண்டியலோடு எதிரில் நிற்கிறேன். சட்டைப் பையில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தது நான்தான், அவரிடம் காசு இல்லை. அதற்கு அப்புறம் கொஞ்ச நாளில் அமைதிப்படை என்று பெயர் வைத்து இங்கிருந்து அனுப்பினார்கள். அண்ணனின் பட்டாளமும் போனது. முதலில் மாலை போட்டு வரவேற்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. பிறகு சண்டை என்று வந்தது. யாரோடு சண்டை என்று படித்ததும் கல்லூரியில் என்னோடு உண்டியல் குலுக்கியவர்கள் என் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் அவர்கள் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

சண்டை மூளுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒருமுறை லீவில் வந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பெரியம்மா புதுப்பெண். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது அவரை பஸ் ஏற்ற விக்கிரவாண்டி வரை சைக்கிளில் போனேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு அவராகவே சொன்னார். "ஒரு வூட்ல தண்ணி கேட்டோம்டா. எங்கூட வந்த இந்திக்காரன் கையக் காட்டிக் கேட்டான், அந்தம்மா சொம்புல குடுத்துச்சு. அப்புறம் நான் கேட்டேன், தமிழ்ல. கதவச் சாத்திக்கிச்சு." அவ்வளவுதான். நான் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஐப்பசியில் தகவல் வந்தது. உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். டிரங்குப் பெட்டி மட்டும் பிறகு வந்தது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வருவார்கள், உனக்கே தெரியும். அண்ணனுக்கு ஒரு கட்சியும் வரவில்லை. வந்த சொந்தக்காரர்களும் துக்கம் கேட்பதா, சண்டை போடுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். காரியம் முடிந்து உன் தாத்தா நிலத்தில் விளைந்த மல்லாட்டை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போனார். கூட நானும் போனேன். கமிஷன் மண்டியில் ஒருவர், தாத்தாவின் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டுத்தான், "மவன் எங்க போயி செத்தான்? அங்கியா? நம்ம ஜனங்களச் சுடப் போனவனா?" என்று கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை, அந்த நேரத்தில் ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. தாத்தா என்னைப் பார்க்கவே இல்லை. "இல்லீங்க, காஷ்மீர்ல" என்றார். அவர் வேண்டுமென்றே பொய் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை. தலையில் இருந்த மூட்டையை அந்த இடத்தில் இறக்கி வைத்தார், அவ்வளவுதான்.

மண்டிக்குச் சொன்னது அப்புறம் ஊருக்கானது. உன் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கானது. பிறகு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. நீ திண்டிவனத்தில் பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்கு மேடையேறி, என் பெரியப்பா பனிமலையில் நாட்டுக்காக உயிர் விட்டார் என்று கை ஆட்டிப் பேசி ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கி வந்தாய். நேராகப் பெரியம்மாவிடம் ஓடிப் போய்க் காட்டினாய். அவங்க டப்பாவைத் திறந்து பார்த்து, "நல்லாருக்கு, மூடி டைட்டா இருக்கு" என்றாங்க. உனக்குப் பேச்சை எழுதிக் கொடுத்தது நான். எனக்கு அப்போது ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தியது என்று இப்போது எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மை இல்லை. என் அண்ணன் காஷ்மீரில் செத்தார் என்று எனக்கே பழகிவிட்டது.

பழகாதது ஒரே ஒரு இடத்தில்தான். கல்யாணத்துக்கு முந்தி நம் வீட்டில் பூவாடைப் படையல் போடுகிறோம் அல்லவா, செத்துப்போன நம் வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுப் புதுத்துணி வைத்துச் சோறு படைத்து, அவர்கள் சம்மதம் கேட்ட பிறகுதான் பந்தக்கால். பம்பைக்காரர் மேளத்தை அடித்துக்கொண்டே ஒவ்வொருவர் பேராகக் கேட்பார். பேர் மட்டும் போதாது, எங்கே விழுந்தார்கள் என்றும் கேட்பார். கிணற்றில் விழுந்தவரைக் கிணற்றங்கரையில் நின்று கூப்பிட வேண்டும். வெளியூரில் செத்தவரை அந்தத் திசை பார்த்துக் கூப்பிட வேண்டும். உன் அத்தை கல்யாணத்துக்குத் தாத்தா "காஷ்மீரு" என்றார், பம்பைக்காரர் வடக்கே திரும்பி அடித்தார். என் கல்யாணத்துக்கும் வடக்கே. உன் அக்கா கல்யாணத்துக்குத் தாத்தா இல்லை, சொல்ல வேண்டியவன் நான். நானும் வடக்கேதான் காட்டினேன். மற்றவர்களைக் கூப்பிடும்போது யாராவது ஒருத்தர்மேல் அருள் வரும், சரி கட்டிக்குங்க என்று சொல்லும். அண்ணன் பேருக்கு ஒருமுறைகூட யார்மேலும் வந்தது இல்லை. பம்பைக்காரர் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் பெரியம்மா எழுந்து பின்பக்கம் போய்விடுவாங்க. அடுப்பைப் பார்க்கப் போறாங்க என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

உனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை. எனக்கும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. ஆனால் பெரியம்மாவுக்கு இருக்கிறது. அவங்க என் அண்ணனோடு வாழ்ந்தது அந்த ஒரு வருஷமும் இல்லை. பிள்ளை இல்லை. அம்மா வீட்டுக்கும் போகவில்லை. இந்த வீட்டில் இருந்துகொண்டு உங்களை வளர்த்தாங்க. பென்ஷன் ஆபீசில் போய்க் கையெழுத்துப் போடும்போது அண்ணன் எந்த ஊரில் செத்தார் என்பது அவங்களுக்கும் தெரியும், ஆபீசுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்தால் காஷ்மீர். ஒருமுறைகூட அவங்க தாத்தாவை மறுத்துப் பேசியது இல்லை. என்னையும் மறுத்தது இல்லை. அதனால் அவங்களுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமை நீ போன் பண்ணி, "அவங்க கேட்டா காஷ்மீர்னே சொல்லிடுப்பா, கல்யாணம் முடியட்டும், அப்புறம் நானே பாத்துக்கறேன்" என்றாய். நான் சரி என்றேன். பெரியப்பா யூனிபார்ம் போட்ட படத்தைக் கழற்றிவிடலாமா என்று உன் அம்மா கேட்டாள். கழற்றினால் சுவரில் வெள்ளையாகத் தெரியும், அதைப் பற்றிக் கேள்வி வரும், இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து வடைக்குப் பருப்பு ஊறப்போட்டுக்கொண்டு இருந்தாங்க.

மரக்காணம் பக்கத்து முகாமிலிருந்து பஸ் மாறி வந்தார்கள். அந்தம்மா உன்னைப் பற்றி நல்லபடியாகப் பேசினாங்க. உன் அம்மாவின் பாயசத்துக்கு ஏலக்காய் கூடுதல் என்று நான் கிண்டல் பண்ணினேன், அவங்க சித்தப்பா சிரித்தார். இலை போட்டு, சோறு வைத்து, பருப்பும் நெய்யும் ஊற்றியாயிற்று. அந்தம்மா கையை வைத்துப் பிசைந்துகொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்து, "இவர் ஆர்?" என்று கேட்டாங்க. என் அண்ணன் என்றேன். பட்டாளத்தில் இருந்தவரோ என்றாங்க. ஆமாம், காஷ்மீரில் இறந்துவிட்டார் என்றேன். வண்டியில் அடுத்த ஸ்டாப் பேரைச் சொல்கிற மாதிரி சொன்னேன். வாய்க்குப் பழக்கம்.

பெரியம்மா ரசச் சட்டியோடு நின்றுகொண்டு இருந்தாங்க. சட்டியைக் கீழே வைத்தாங்க. "காஷ்மீரு இல்லீங்க" என்றாங்க. "யாழ்ப்பாணத்துல. உங்க ஊரு பக்கந்தான். இங்கேர்ந்து அனுப்ச்ச படையில வந்தவரு."

அந்தம்மாவின் கை இலையிலேயே நின்றது. சித்தப்பா எழுந்திரிக்கப் பார்த்தார், ஒரு காலை ஊன்றியும் விட்டார். உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன தோன்றியது என்று கேட்பாய். ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் செத்த தகவல் வந்த அன்றைக்கு எப்படி இருந்தேனோ அப்படியே மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் நின்றுவிட்டது என்று மட்டும் தெரிந்தது. அது யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி தெரிந்தது.

அந்தம்மா தலையைத் தூக்காமலே கேட்டாங்க. "எந்த இடம் எண்டு தெரியுமோ?"

"இடம் பேருலாம் எனக்கு வாயில வராதுங்க. கோட்டைக்குப் போற ரோடுன்னு கூட இருந்தவரு ஒருத்தரு வந்து சொல்லிட்டுப் போனாரு. ஐப்பசி. மழை பெய்ஞ்சிக்கினு இருந்துச்சாம்."

"அந்த மழைக்குள்ள நாங்கள் கோயில்ல இருந்தனாங்கள்" என்றாங்க அந்தம்மா. "ஊர்ச் சனம் எல்லாம் அங்கதான். எங்கட அப்பா, வீட்டைப் பாத்திட்டு வாறன் எண்டு போனவர். ரோட்டில இந்தியன் ஆமி நிண்டது. அவர் வரேல்ல."

ரோட்டில் நின்றது அண்ணன் இல்லை என்று சொல்ல பெரியம்மாவுக்கு என்ன தெரியும்? அவர்தான் என்று அந்தம்மாவுக்குத்தான் என்ன தெரியும்? எந்த ரோடு, எந்த நாள், யார் நின்றார்கள் என்று அந்த இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. பெரியம்மா சட்டியை எடுத்து, "ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாங்க. கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மா சோற்றில் குழி பண்ணினாங்க. சித்தப்பாவும் காலை மடக்கி உட்கார்ந்தார். மாத்திரை விழுங்குவதுபோல இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பாயசத்தை அந்தம்மா தொடவில்லை.

ஆட்டோ ஏற்ற ரோடு வரைக்கும் நான் கூடப் போனேன். இத்தனை வருஷம் வண்டியில் சண்டைக்காரன், குடிகாரன் எல்லாரிடமும் பேசிப் பிழைத்தவன் நான். அவங்களிடம் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. மன்னிச்சிக்குங்க என்று சொல்லலாமா என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டால்? அண்ணன் போனதற்கா, காஷ்மீர் என்று சொன்னதற்கா? அந்தம்மாவே நின்று பேசினாங்க. "எனக்குக் கோவம் இல்லை எண்டு நான் சொல்லமாட்டன். அவ உண்மையைச் சொன்னவ. அதுக்காகத்தான் சாப்பிட்டனான்" என்றாங்க. பிறகு, "உங்கட மகனுக்கு இது முதலே தெரியுமோ?" என்று கேட்டாங்க.

அவனே பேசுவான் என்றேன். "என்ர பிள்ளைக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. உங்கட மகனே சொல்லட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பன். இல்லாட்டி நான் சொல்லுவன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாங்க.

வீட்டுக்குத் திரும்பினால் உன் அம்மா பெரியம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, நம் பிள்ளை கல்யாணத்தில் வந்துதானா திறக்க வேண்டும் என்று. கேட்டதில் தப்பில்லை, எனக்கும் அதே கேள்விதான். பெரியம்மா இலைகளை எடுத்துக்கொண்டே சொன்னாங்க. "அவரு கெடக்கறது தெக்க. நீங்க எல்லாரும் வடக்க பாத்துக் கூப்ட்டுக்கினே இருந்தீங்க. எப்பிடி வருவாரு? இந்தப் புள்ள அந்த மண்ணுலேர்ந்து வர்றா. இவ கல்யாணத்துக்காவது அவர சரியா கூப்புடுங்க." நான் போய்த் தொட்டியடியில் கையைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அழலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இருக்கிறதோ இல்லையோ, அப்பன் என்பதால் சொல்கிறேன். பெரியப்பாவை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ அவளிடம் நிரூபிக்கப் பார்க்காதே. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பட்டாளத்தில் போகச் சொன்ன இடத்துக்குப் போனார், அங்கே போய் என்ன செய்தார் என்று நம் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. இணையத்தில் படித்ததை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் சரித்திரம் பேசாதே. அவள் அம்மா அங்கே கோயிலில் இருந்தவங்க. தாத்தாமேல் பழி போடாதே, அவர் மொட்டைத் தலையோடு மண்டியில் நின்றதை நீ பார்க்கவில்லை. என்மேல் வேண்டுமானால் போடு. பெரியம்மாமேல் மட்டும் ஒரு வார்த்தை வரக்கூடாது.

அவள் முதலில் கேட்கப்போவது பெரியப்பாவைப் பற்றி இருக்காது. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்றுதான் கேட்பாள். பொங்கலிலிருந்து தெரியும் என்று சொல். காஷ்மீர் என்றே சொல்லச் சொன்னது நீதான் என்றும் சொல். அவள் எழுந்து போனாலும் போகலாம். போனால் நீயும் கொஞ்ச நாள் என்னைப் போல மரத்துப்போய் இருப்பாய். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னாயே, உன் தாத்தாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். மூட்டையை விற்றுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்புறம் அவர் பார்க்கவே இல்லை, செத்துப்போனார். அவருக்கு யாரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. உனக்கு அந்தம்மா வெள்ளிக்கிழமை வரைக்கும் கொடுத்திருக்காங்க.

அப்பா